அளவுக்கு நாணயம் வைக்காத படம்

வார நாட்களில் நான் எடுப்பது
நசுங்கிய பம்பர்களை.
கீறிய கதவு, உடைந்த இண்டிகேட்டர்,
நாலு பக்கமும் ஒவ்வொரு படம்,
பக்கத்தில் அளவுக்கு ஒரு ரூபாய் நாணயம்.
இன்சூரன்ஸ்காரர்கள் அதைத்தான் நம்புவார்கள்.

ஞாயிறு அதிகாலை
கையில் வனத்துறைக் கடிதம்:
ஆறு முதல் எட்டரை, ஓர் ஆள், ஒரு கேமரா,
டிரோன் கூடாது.
அடையாற்று முகத்துவாரத்தில்
சித்திரையில் மட்டும் தலைதூக்கும் மணல்திட்டுக்கு
தேசப்பன் படகைக் கழியால் தள்ளுகிறார்.
இன்ஜின் போட்டால் பறவை கலையும்.
போடாவிட்டால் சாக்கடை நாற்றத்தில்
இன்னும் பத்து நிமிஷம்.

திட்டு சின்னது,
இரண்டு கபடிக் களம் இருக்கலாம்.
வயிற்றால் ஊர்ந்து ஏறுகிறேன்.
சின்ன ஆலாக்கள் என் உச்சியைக் குறிவைத்து விழுந்து
ஒரு சாண் இருக்கையில் திரும்புகின்றன,
தொப்பியில் எச்சமிட்டு.
அந்த ஏச்சு புரிகிறது.
க்ளெய்ம் மறுத்த வாசல்களில் கேட்டதுதான்.

லென்ஸை ஒரு விரற்கடை தாழ்த்தினால்
அடுக்குமாடிகள் போய்விடும்,
உடைந்த பாலமும் போய்விடும்.
மிச்சம் மணல், உப்பு வெளிச்சம், ஒரு சிறகு.
பார்த்தவர்கள் கேட்கிறார்கள்:
அந்தமானா? லட்சத்தீவா?
ஆமாம் என்றதில்லை. இல்லை என்றும்.
இடத்தைச் சொன்னால் மறுநாள் செல்ஃபி வரும்,
அதன் பின்னாலேயே நாய் வரும்.

இன்று
அலை தொடாத மேட்டில்,
போன வாரச் சேற்றில் பதிந்து
காய்ந்து இறுகிய குதிகால் தடம் ஒன்று.
வளைவளைவாய்க் கோடு.
என் செருப்பின் அடிதான்.
அந்தக் குழிக்குள் உப்புக்கொத்தியின் மூன்று முட்டை,
மணலே புள்ளி வைத்துக்கொண்ட மாதிரி.

பழக்கத்தில் கை பாக்கெட்டுக்குப் போய்
நாணயத்தைத் தொட்டது.

பத்தடி தள்ளி
தாய்ப்பறவை ஒரு சிறகை ஒடிந்ததாய் இழுத்துக்கொண்டு
நொண்டி நொண்டிப் போகிறது.
பொய்ச் சேதம் எனக்குத் தெரியும்,
பதினோரு வருஷமாய் அதற்குத்தான் சம்பளம்.
ஆனாலும் நம்பியவள்போல்
முழங்கையூன்றி அதன் பின்னே தவழ்ந்தேன்,
தடத்தைவிட்டு வெகுதூரம்,
அது "போதும்" என்று நினைத்து
சட்டென்று நல்ல சிறகோடு எழும்பும்வரை.

"இன்னாமா, படம் வுழுந்துச்சா?"
முன்னூற்றுச் சொச்சம் என்றேன்.
அது மட்டும் அதில் இல்லை.

திரும்பும்போது
செருப்பைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டேன்.
தேசப்பன் பார்த்தார்,
கழியை ஊன்றினார்,
எதுவும் கேட்கவில்லை.