வலது மூலையில்

பழங்காநத்தத்தில் பாலத்தை ஒட்டிய மாடி அறை.
திரையில் ஒரு போர்க்கப்பல்,
அதன் மூக்கில் பலகை அடித்த ஓடுதளம்,
மேலே துணியும் கம்பியுமாய் ஒரு விமானம்
நூறு வருஷத்துக்கு மேலாகக்
கிளம்பப்போகிறது.

கடலுக்கு என்ன நிறம் போட?
நான் பார்த்தது தனுஷ்கோடியில் ஒரே தரம்,
அதுவும் பஸ்ஸில் வாந்தியெடுத்த மயக்கத்தில்.
தெப்பக்குளம் நிறைந்த அன்று
செல்போனில் எடுத்த படத்திலிருந்து
பச்சை கொஞ்சம் உறிஞ்சினேன்.
அந்த ஊர்க் கடல் மறுப்புச் சொல்லவில்லை.

இறக்கையைப் பிடித்தபடி ஆறு மாலுமிகள்.
ஐந்து பேர் கேமராவைப் பார்க்க
ஒருவன் மட்டும் அண்ணாந்திருக்கிறான்.
அவன் பிடரிக்குச் சிவப்பு கூட்டினேன்,
வெயில் எங்கேயும் வெயில்தானே.

பிறகு வானத்தைத் துடைத்தேன்:
கீறல், பூஞ்சை, யாருடையதோ கைரேகை,
எள்ளளவு தூசி.

கரண்ட் போனது. யூ.பி.எஸ். கத்தத் தொடங்கியது.
டீயை வைத்த ஜெபராணி கேட்டாள்:
"இவன் என்னத்தப் பாக்குறான்?"

பின்னால், இன்னும் பின்னால்,
செய்ததையெல்லாம் ஒவ்வொன்றாய் அவிழ்த்தேன்.
கைரேகை வந்தது. கீறல் வந்தது.
கடைசியில் தூசியும்.

பெரிதாக்கினால்
சாம்பலில் ஏழெட்டுப் புள்ளி,
இரண்டு அடுக்கு இறக்கை.

அதற்கு மட்டும் நிறம் போடவில்லை.