தள்ளு ஸ்ராட்

மலையுள்ள ஊரென்றால்
இறக்கத்தில் நிறுத்திவிட்டுத் தூங்கப் போகலாம்.
சண்டிலிப்பாயில் அதற்கு வழியில்லை.
கடவுள் இந்த நிலத்தைத்
தோசைக்கல்லில் வார்த்து, அகப்பையின் அடியால்
ஒருதரம் தடவிவிட்டுப் போனவர்.
இருக்கிற ஒரே ஏற்றம் வழுக்கியாற்றுப் பாலம்.
அதுவும் என் வாசலிலிருந்து அரை மைல்.

ஆக, மூன்று கிழமையாக
விடியப்புறம் நாலே முக்காலுக்குத்
திறப்பைத் திருப்புவேன்.
டிக்.
அவ்வளவுதான். ஒரு டிக்.
பின்னால் எண்ணூறு இடியப்பம், இரண்டு வாளி சொதி.
தெல்லிப்பழை ஆசுப்பத்திரிக் கன்ரீன்
ஐந்தரைக்குத் திறக்கும்.

அந்த டிக்குக்கு
எதிர்வீட்டுப் படலையும் திறக்கும்.
குணநாயகம் வருவார்,
சாரத்தை மடித்துக் கட்டியபடி,
என் பக்கம் பாராமல்
வானின் பின்கதவில் இரண்டு கையையும் வைப்பார்.
இரண்டாம் கியர். கிளச்சை விடுவேன்.
ஒரு குலுக்கல், ஒரு இருமல், கறுத்தப் புகை.
கண்ணாடியில் பார்த்தால்
புகைக்குள் ஒரு முதுகு திரும்பிப் போகும்.

பதினொரு மாதமாக நாங்கள் கதைப்பதில்லை.
உழவு மிஷினுக்கு லோன் எடுக்கப்
பிணைக் கையெழுத்துக் கேட்டவர்.
மாட்டேன் என்றுவிட்டேன்.
சரியோ பிழையோ, இன்னும் தெரியாது.
மிஷின் வரவில்லை என்பது தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை நிரூஜன் வரவில்லை.
வவுனியாவில் கலியாணவீடாம்.
ஸ்ராட்டரோ வந்து கிடக்கிறது,
ஜப்பானில் எங்கோ மோதுப்பட்ட வண்டியினுடையது,
இருபத்தாறாயிரம்.
கடைக்காரன் கேட்டது ஒன்றே ஒன்று:
"பல்லு ஒன்பதோ, பதினொண்டோ?"
ஒன்பது என்றேன், தெரியாமல்.

சாக்கை விரித்து வானுக்குக் கீழே போனேன்.
தலைமாட்டில் போன், ஸ்பீக்கரில்.
நாதஸ்வரத்துக்கு நடுவில் அவன் சொன்னான்:
"முதல் பற்றறியின்ர நெகற்றிவ்வைக் கழட்டுங்கோ அக்கா.
கழட்டினாப்பிறகு மிச்சம் கதைப்பம்."
கழட்டினேன்.
பன்னிரண்டாம் நம்பரில் வயர் நட்டு.
பதினேழில் கீழ்ப் போல்ட்,
கிறீச்சென்று மனமில்லாமல் வந்தது.
மேல் போல்ட் இல்லை.
இல்லவே இல்லை.
"கண்ணால தேடாதேங்கோ, கண்ணுக்கு அது அம்பிடாது.
கையை உள்ளுக்கு விட்டு விரலால பாருங்கோ."

விரலால் பார்த்தேன்.
கிறீஸ். ஒரு குழாய்.
எப்போதோ செத்த வண்டு.
பிறகு, ஆறு மூலை.
கெட்டிமேளம் தொடங்கியது அந்த நேரம்தான்.
நான் ஏதோ கத்தினேன், அவனும் ஏதோ கத்தினான்.
அங்கே யாரோ ஒருத்திக்குத் தாலி ஏறியது.
இங்கே பழைய மோட்டர்
பூசணிக்காய்ப் பாரத்தில் என் மார்பில் இறங்கியது.

வெளியே இழுத்துப் பல்லை எண்ணினேன்.
ஒன்பது.
புதியதிலும் எண்ணினேன். இரண்டு தரம்.

திங்கள், நாலே முக்கால்.
டிக் இல்லை.
வான் ஒரே மூச்சில் எழும்பிவிட்டது,
முந்தின மூன்று கிழமையும் நான் பொய் சொன்ன மாதிரி.
லைற்றைப் போட்டேன்.
வெளிச்சத்தில் குணநாயகம்,
சாரம் பாதி மடித்தபடி.
இவ்வளவு நாளும் முதுகாகவே இருந்த ஆள்
முகமாக நின்றார்.
தாடி நரைத்திருந்தது.

கண்ணாடியை இறக்கினேன்.
"புதுசு போட்டாச்சு."
"கேட்டது."
இஞ்சின் மட்டும் கொஞ்ச நேரம் பேசியது.
"எவ்வளவு?"
"இருபத்தாறு."
"பதினெட்டுக்கு எடுத்துத் தந்திருப்பன்.
நல்லா ஏமாத்திப்போட்டாங்கள்."
கோபமாகத்தான் சொன்னார்.
யாரில் கோபம் என்று நான் கேட்கவில்லை.
இடியப்பம் ஆறிக்கொண்டிருந்தது.

முதலாம் கியரைப் போட,
வாசல் மூலையில் சாக்கின் மேல் கிடந்ததைக்
காலால் காட்டினார்:
"அதைத் தூக்கி எறிஞ்சுபோடாதையும்.
உள்ளுக்குச் செம்பு கிடக்கு."