நாலரை ஜாண்

பழையபேட்டையில் ஷமீம் அக்கா கடையில்
தார்ப்பாய்க்கும் தேங்காய் நார்க் கயிற்றுக்கும் நடுவே
மூன்று கைவலைகள் தொங்கின.
"மீன் எவ்ளோ பெருசு?"
இன்னும் பிடிக்கலையே அக்கா.
"அப்போ ஆசை எவ்ளோ பெருசு, அதைச் சொல்லு.
அதுல ரெண்டு விரக்கடை கழிச்சுக்கலாம்."

முதலாவது பச்சை நைலான், முடிச்சு முடிச்சாய்.
இதன் கூடப்பிறந்ததுதான் என்னிடம் இருந்தது.
போன ஐப்பசி, அணையின் ஷட்டர் திறந்த மறுநாள்,
இருபது கிலோவுக்குக் குறையாத கட்லா ஒன்றை
அதில் ஏந்தினோம். போட்டோ எடுத்தோம். விட்டோம்.
வாலின் மேல் இதழில் ஒரு கிழிசல் அதற்கு.
விட்டுவிட்ட பெருமையில்
ஆளுக்கு நான்கு பரோட்டா தின்றோம்.
எட்டாம் நாள் மதகோரம்
அதே கிழிசல் வெயிலில் மிதந்தது.
முடிச்சுகள் வழுவழுப்பை வழித்தெடுத்த இடமெல்லாம்
கணக்கு நோட்டுப் போலக் கட்டம் கட்டமாய்
வெள்ளைப் பூஞ்சை.
நாங்கள்தான் விட்டிருந்தோம்.
வலை விடவில்லை.

இரண்டாவது கறுப்பு ரப்பர்.
விரலால் தேய்த்தால் சைக்கிள் ட்யூப் வாசம்.
செதில் உரியாது, தூண்டில் முள் சிக்காது,
ஆனால் கனம்:
நனைந்த கம்பளியை மூங்கில் நுனியில் தூக்குகிற கனம்.
அக்கா இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டையை
உள்ளே இறக்கச் சொன்னார்.
வளையம் முட்டை வடிவாய் நசுங்கி, நிமிர்ந்தது.
மூட்டை துள்ளாதே அக்கா என்றேன்.
"நீ துள்றியே, பத்தாதா?"

மூன்றாவது மடக்கு வலை.
இழுக்க இழுக்க எட்டடி நீளும் கைப்பிடி,
சட்டைப்பை போல ஆழமில்லாத வலை.
அட்டைப் படத்தில் ஒருவன்
தனியாக நின்று சிரிக்கிறான்.

உண்மையைச் சொன்னால்
அதை வாங்கத்தான் வந்திருந்தேன்.

பதினோரு வருஷம் நான் கோல், வேடியப்பன் வலை.
புதுசு வாங்கணும் வாங்கணும் என்றே மாசி வந்துவிட்டது.
அன்றைக்கு அவன் அவசரப்பட்டான்.
களைக்காத மீனை வால் பக்கமிருந்து துரத்தினான்.
விளிம்பு நரம்பில் பட்டு, டப்.
நான் சொன்ன சொல்லை இங்கே எழுத முடியாது.
அவன் வலையைக் கல்லில் சாய்த்தான்,
ஒரு செருப்பைத் தேடினான்,
கிடைத்ததும் பெரியமுத்தூர் பக்கம் நடந்தான்.

அப்புறம் தனியாகப் போய்ப் பார்த்தேன்.
கோல் வளைந்து விலா எலும்பில் முட்டுகையில்
இன்னொரு கை எட்டடிக்கு அப்பால்
என்ன செய்கிறதென்று எனக்கே தெரியவில்லை.
வலை மீனைத் தேடிப் போகக் கூடாது.
தண்ணீருக்குள் அமிழ்ந்து
செத்தது போலக் கிடக்க வேண்டும்,
மீனே தலைசாய்த்து மேலே வரும்வரை.
அந்தச் சும்மா இருப்பதற்கு
இன்னொரு ஆள் தேவைப்படுகிறது.

ரப்பரையே எடுத்தேன்.
நாற்பது அங்குல வளையம், ஐந்தடி மூங்கில்.
இரண்டாயிரத்து எண்ணூறு சொல்லி
இரண்டாயிரத்து அறுநூற்றுக்கு முடிந்தது.
அந்த இருநூறு லக்கேஜுக்குப் போகுமோ என்று பயந்தேன்,
கண்டக்டர் பதினைந்தோடு விட்டார்.
பஸ் முழுக்க மாம்பழக் கூடைகள்.
பெங்களூரா கூடையை மடியில் வைத்திருந்த பெண்
"எந்த மாட்டைப் பிடிக்க?" என்றாள்.
ஒரு சிறுமி வளையத்துக்குள் தலைவிட்டு
எனக்கு நாக்கு நீட்டினாள்.

அணை நிறுத்தம்.
டீக்கடை பெஞ்சில் வேடியப்பன்.
பார்க்காதது போல் பார்த்தான்.
கிளாஸை வைத்தான், எழுந்தான், வந்தான்.
என் முகத்தை விட்டுவிட்டு
வளையத்தின் குறுக்கே ஜாண் போட்டான்.
ஒன்று. இரண்டு. மூன்று. நாலு.
கடைசியில் ஒரு அரை.
ரப்பரை முகர்ந்தான்.
நாலு மாசத்துக்கு அப்புறம் முதல் பேச்சு:

"வாய் பத்தாது."