எழுநூற்றுப் பன்னிரண்டாவது மணி

கோட்காவில் கடல் உறைந்துவிட்டது.
உப்பு மழை இப்போது பெய்வது
எங்கள் ஆய்வுக்கூடத்துப் பெட்டிக்குள் மட்டும்தான்.
முப்பத்தைந்து டிகிரி வெக்கை, ஓயாத மூட்டம்,
உள்ளே சாய்ந்து நிற்கும் இருபத்துநான்கு எஃகுத் தகடுகள்.
ஒவ்வொன்றின் நெஞ்சிலும்
நான் கத்தியால் கீறிய ஒரு பெருக்கல் குறி.

காயம் படாத தோலை எந்தப் பூச்சும் காக்கும்.
கீறிய இடத்தில் என்ன செய்வாய் என்பதுதான்
அதனிடம் எங்கள் கேள்வி.

துரு பிடித்தது என்கிறோம்,
பேய் பிடித்தது, பித்துப் பிடித்தது என்பதுபோல.
யாரும் வந்து பிடிப்பதில்லை.
மண்ணிலிருந்து பிடுங்கி உலையில் நிமிர்த்திய இரும்பு
மண்ணுக்கே திரும்ப வழி பார்க்கிறது.
நாங்கள் கேட்பது தவணை.
இருபது ஆண்டு. முடிந்தால் முப்பது.

மஞ்சள் அந்தத் தவணையை வாங்கித் தந்தது.
குரோமேட் மஞ்சள், முட்டைக் கருவின் மஞ்சள்.
கீறலுக்குள் தானே ஊர்ந்து போய் மூடும்.
ஆயிரத்து ஐந்நூறு மணி கழித்தும்
தகடு நேற்று வந்ததுபோல் நிற்கும்.
அதைத் திட்டுவது சுலபம்.
அதுபோல் இன்னொன்று செய்யப் புகுந்து
எங்களுக்குப் பதினோரு வருடம் ஆகிறது.

துறைமுகத்துக் கிரேன்களுக்கு அந்த மஞ்சளை
முப்பத்தொரு கோடை அடித்தவர் தைஸ்தோ.
இரும்பு பிடித்த கையும் சிரங்கு பிடித்த கையும்
சும்மா இராது என்பார்கள்.
அவருக்கு இரண்டும் ஒரே கை.
மூக்கின் நடுத்தண்டில் ஒரு துளை;
மூச்சு விட்டால் சன்னமாய் விசில் கேட்கும்.
"கப்பலுக்குச் சங்கு இருக்கிறது, எனக்கு இது" என்று சிரித்தார்.
நானும் சிரித்தேன்.
பிறகு காரில் உட்கார்ந்து
வெகுநேரம் சாவியைத் திருகவில்லை.

புதியது பழுப்பு.
ஸ்ப்ரூஸ் பட்டையில் இறக்கிய துவர்ப்பு,
காகித ஆலை எரித்துத் தள்ளும் லிக்னின்,
தண்ணீர், சிட்டிகை சீரியம்.
பட்டைச் சாற்றை மட்டும் ஒருமுறை
சாய்மி நாக்கில் தொட்டுப் பார்த்தாள்.
விதிப்படி குற்றம்.
"மஞ்சளோடு இப்படிப் பழக முடியுமா?" என்றாள்,
முகம் சுளித்தபடி.

துவர்ப்பு இரும்பைக் கண்டால் கறுக்கும்,
கடுக்காயும் இரும்பும் கூடி மையாவதுபோல.
துரு தலைகாட்டும் முன்
கீறலில் கறுப்பு வந்து உட்கார்ந்துவிட வேண்டும்.
கணக்கு அவ்வளவுதான்.

மாதிரி நான்கு, நூற்றெழுபதில் கொப்புளம்.
ஒன்பது, பாலாடையாய் உரிந்தது.
பதின்மூன்று உப்பைத் தாங்கியது, ஆனால்
டப்பாவுக்குள் பூஞ்சை பூத்தது.
விஷமில்லை என்பதற்கு
அதைவிட நல்ல சாட்சி கிடையாது.
யாரும் வாங்கவும் மாட்டார்கள்.

இன்று மூடியைத் தூக்குகிறேன்.
கண்ணாடியில் புகை படிகிறது.
துடைத்துவிட்டு மாதிரி பத்தொன்பதைப் பார்க்கிறேன்:
குறியின் மூன்று கைகளும் கறுப்பு,
எழுதி உலர்ந்த மையின் கறுப்பு.
நான்காவது கையின் நுனியில்
கடுகளவு செம்மை.

சாய்மி அளவுகோலை வைக்கிறாள்.
ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை.
இன்னும் இருநூற்று எண்பத்தெட்டு மணி பாக்கி.
தைஸ்தோ கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குனிகிறார்.
"அந்த நுனியில் நீ கத்தியை அழுத்திவிட்டாய்" என்கிறார்.
இருக்கலாம்.
இருக்கலாம் என்பதை அறிக்கையில் எழுத முடியாது.

போகும்போது அரை லிட்டர் கேட்டு வாங்கினார்,
படகுத்துறையில் ஒரு போல்ட் இருக்கிறதாம்.
"ஆனால் பிரஷ்ஷை இழுக்கிறது, தெரியுமா?
நீங்கள் யாரும் அடித்துப் பார்த்ததே இல்லை."
அதை எழுதிக்கொண்டேன்.

மறுவாரம் வந்தபோது
அவர் ஆள்காட்டி விரல் கறுத்திருந்தது.
கையுறை போடாமல் அடித்திருக்கிறார்.
சோப்புக்குப் போகவில்லை என்று நீட்டிக் காட்டினார்,
சிரங்கு ஆறிய தழும்புகளுக்கு நடுவே
ஓட்டுப் போட்டவர் மாதிரி.

போல்ட்டைப் பற்றிக் கேட்டேன்.
பனி மூடிவிட்டதாம்.
வசந்தத்தில் பார்க்கலாம் என்றார்.