நாற்பத்தேழு சென்ட் குறைவு

சிகாகோவில் சோயா பத்து டாலர் பன்னிரண்டு.
எங்கள் கூட்டுறவுக் களஞ்சியத்தில்
அதற்கு நாற்பத்தேழு சென்ட் குறைவு.
பத்தொன்பது வருடமாக
இந்தக் குறைவைத்தான் வாசிக்கிறேன்,
மதியம் பன்னிரண்டு பத்துக்கு,
இறுதிச் சடங்கு அறிவிப்புகளுக்கும்
உரக் கம்பெனி விளம்பரத்துக்கும் நடுவில்.

ஆற்றில் தண்ணீர் இறங்கி
படகுகள் பாதிச் சுமையோடு போனால்
குறைவு கூடும்.
கடலுக்கு அப்பால் யாரோ
வரிக்குப் பதில் வரி என்று கையெழுத்திட்டால்
இன்னும் கூடும்.
ஏன் என்று கேட்டு ஒருவரும் அழைப்பதில்லை.
எண்ணைத் தப்பாகச் சொன்னால் மட்டும்
மணி அடிக்கும்.
மார்சீன் குபிசெக், வயது எண்பத்தொன்று:
"கால் சென்ட்டை விழுங்கிவிட்டாய்."

இந்த வருடம் எண்களோடு ஒரு குழாயும் சேர்ந்தது.
எத்தனால் ஆலையின் புகையைப் பிடித்து
இரண்டு மாநிலம் தாண்டிக் கொண்டுபோய்ப்
புதைப்பார்களாம்.
சோளத்துக்கு விலை ஏறும் என்றான் ஒருவன்.
வயலுக்கடியில் வடிகால் உடையும் என்றான் இன்னொருவன்.
இருவரும் ஒரே கட்சி, ஒரே தேவாலயம், ஒரே பெஞ்சு.
இப்போது நடுவில்
ஓர் ஆள் உட்காரலாம்.

மார்ச்சில் கவுண்டிக் கூட்டம்.
பள்ளி விளையாட்டுக் கூடம், மடக்கு நாற்காலிகள்,
கூடைப்பந்து வளையத்துக்கு நேர் கீழே மைக்.
ஆளுக்கு மூன்று நிமிடம்.
டார்வின் ப்ளீகர் அழுதேவிட்டான்.
என் அண்ணன் வெர்லின்
இரண்டு நிமிடம் தொண்டையைச் செருமினான்,
பிறகு ஒரே வாக்கியம்:
"என் நிலத்தில் அளவைக்கொடி நட்டால்
அதன் மேல் விதைப்பு இயந்திரம் ஓடும்."
கூடமே எழுந்து நின்றது.
நானும்தான்.
மறுநாள் அதை அப்படியே வாசித்தேன்,
பெயர் இல்லாமல், 'ஒரு விவசாயி' என்று.
பெயர் தெரியாதவர்
ஊரில் யாரும் இல்லை.

வெள்ளிதோறும் பதிவு அலுவலகப் பட்டியல் வரும்.
யார் நிலம் யாருக்குப் போனது,
எந்த அடமானம் தீர்ந்தது,
குழாய்க்கு வழி எழுதிக் கொடுத்தவர் யார்.
அந்த நான்கு நிமிடம்
களஞ்சியத்தில் எடைமேடை நகராது,
கஃபேயில் முட்டை தீயும்.

செப்டம்பர் கடைசி வெள்ளி.
காகிதம் இன்னும் சூடாக இருந்தது.
ஏழு வரி வாசித்துவிட்டேன், தடங்கல் இல்லாமல்.
எட்டாவது:
பிரிவு இருபத்துமூன்று, வடமேற்குக் கால்பங்கு,
ஹவ்க்ஸ்டாட், வெர்லின் ஜே.

ரேடியோவில் மூன்று வினாடி மிக நீளம்.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம்
முதலாளி தலை தூக்கிப் பார்க்குமளவு நீளம்.
ஜூலையில் வங்கியிலிருந்து நேரே எங்கள் வீட்டுக்கு வந்தவன்
சாப்பிட்டு முடிக்கும்வரை
தொப்பியைக் கழற்றாதது அப்போதுதான் உறைத்தது.
வாசித்தேன்.
அடுத்து பன்றி விலை, அதையும்.

மணி அடித்தது.
மார்சீன் இல்லை.
பின்னால் அறுவடை இயந்திரத்தின் இரைச்சல்;
அவன் அதை நிறுத்தக்கூட இல்லை.
"இருபத்திரண்டு என்று சொன்னாய்" என்றான்.
"என்னுடையது இருபத்துமூன்று.
இருபத்திரண்டு டார்வினுடையது."
கொஞ்ச நேரம் இரைச்சல் மட்டும்.
"அவன் பேர் கெட வேண்டாம்.
சரியாகச் சொல்லிவிடு."

வேறு எதுவும் அவன் சொல்லவில்லை.
எவ்வளவு கொடுத்தார்கள் என்று
நான் கேட்கவில்லை.
ஊர் கேட்டுக்கொள்ளும்.

திங்கள், பன்னிரண்டு பத்து.
முதலில் ஒரு திருத்தம், என்றேன்.
பிரிவு எண்ணை இரண்டு முறை சொன்னேன்,
பெயரை ஒரு முறை.
பிறகு சிகாகோ.
பிறகு எங்கள் களஞ்சியம்:
ஐம்பத்தொன்று குறைவு.