கடுகு எடை

காலை ஆறு மணிக்கு
நேரக் காப்பாளர் அறையின் மொட்டை மாடிக்கு ஏறுகிறேன்.
இரும்பு ஏணியில் பதினோரு படி,
எட்டாவது இல்லை.
கீழே திருப்பாதிரிப்புலியூர் பஸ் நிலையம்
இருமிக்கொண்டே விழிக்கிறது.

என் வேலை தாள் மாற்றுவது.
நேற்று வைத்தது வெள்ளை.
இன்று எடுப்பது
துவைத்துத் துவைத்து வெளிறிய கறுப்புச் சட்டையின் நிறம்.
இடுக்கியால் பிடித்து
மூச்சை அடக்கி
கண்ணாடித் தட்டில் இறக்கி மூடுகிறேன்.
மூச்சை அடக்கச் சொல்லி விதியில் இல்லை.
பழகிவிட்டது.

மணிக்கு ஆயிரம் லிட்டர் காற்று இந்தப் பெட்டிக்கு.
இரவும் பகலும் ஒரே சீர்.
டீ குடிக்காது, சில்லறைக்குச் சண்டை போடாது,
இழுத்துக்கொண்டே இருக்கும்.

கீழே தனகோடி.
பண்ருட்டி நெய்வேலி விருத்தாசலம்
பண்ருட்டி நெய்வேலி விருத்தாசலம்
மூன்று ஊரையும் ஒரே மூச்சில் தள்ளிவிட்டு
மறுபடி பண்ருட்டிக்கு முன்
வாய் கொள்ளாமல் இழுப்பான்.
அது மாடிவரை கேட்கும்.
வண்டி நிறைந்தால் இருபது ரூபாய்.
பின் சக்கரத்தை ஒட்டித்தான் நிற்பான்,
ஏறுகிறவர்களை அங்கிருந்தே மடக்கலாம்.

ஒரு செவ்வாய்க்கிழமை இறங்கிப் போய்
டிரைவரிடம் கேட்டேன்:
கிளம்ப இன்னும் இருபது நிமிஷம் இருக்கே,
அணைச்சு வைக்கலாமேண்ணா?
ஸ்டியரிங்கில் முகவாயை வைத்தபடி சொன்னார்:
"செல்ஃப் எடுக்காதும்மா.
ஆஃப் பண்ணா நீ வந்து தள்ளுவியா?"

தள்ளுறேன் என்றேன்.
வாய் முந்திவிட்டது.

ஒன்பது வண்டியில் ஒன்றுதான் அணைந்தது.
ஆனாலும் அதன் பின்னால்
ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு இடம் விழுந்தது.
தனகோடி வழக்கம்போல் கத்தினான்,
தன் குரல் இவ்வளவு பெரிசா என்று
தானே திரும்பிப் பார்த்தான்.

பிறகு தள்ளினோம்.
நான், தனகோடி, கண்டக்டர்,
பாலிடெக்னிக் பையன்கள் இரண்டு பேர்,
கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்த
முதுநகர் மீன்காரம்மா.
மூன்றாம் தள்ளலில் பிடித்தது
ஆறு முகத்திலும் கக்கிவிட்டு.
துப்பட்டாவில் துடைத்தேன்.
தாளின் அதே நிறம்.

தாளை ஒரு நாள் உலர்த்தி
ஈரம் போனபின் எடை போட வேண்டும்.
இரண்டு மில்லிகிராம், கொஞ்சம் குறைய.
மறுநாள் அஞ்சறைப்பெட்டியிலிருந்து ஒரு கடுகை
கைக்குட்டையில் முடிந்து கொண்டுபோய்
யாரும் இல்லாதபோது
அதே தராசில் வைத்துப் பார்த்தேன்.
பெரிய வித்தியாசமில்லை.

கடுகாவது எண்ணெயில் விழுந்தால்
வெடித்துச் சொல்லும்.

பெட்டி இழுப்பதில் பாதி இழுப்பான் ஒரு மனுஷன்.
கத்துகிறவன் கூடவே இழுப்பான்.
இருபத்தாறு வருஷமாக நிற்கிறானாம்.
கால்குலேட்டர் பக்கத்திலேயே இருந்தது.
தொடவில்லை.

படிவத்தில் குறிப்பு என்று ஒரு கட்டம்.
மழை, மின்தடை, தாளில் ஒட்டிய கொசு
இதெல்லாம் எழுதலாம்.
செவ்வாய்க்கு எதிரே எழுதினேன்:
ஒரு வண்டி இருபது நிமிடம் அணைத்து வைக்கப்பட்டது.
சிவப்பு மையில் அடித்து
தொடர்பற்றது என்று திரும்பி வந்தது.

இன்று மாடியில் நான் தெரிந்ததும்
தனகோடி அண்ணாந்து கேட்கிறான்:
"என் கணக்கு எவ்ளோ மேடம்?"
பாதிக் கடுகு, ஒரு நாளைக்கு.
"அவ்ளோதானா" என்று சிரித்து
இன்னும் ஏதோ கேட்டான்.
விருத்தாசலம் வண்டி ரிவர்ஸ் எடுத்தது.
வாய் அசைந்தது மட்டும் தெரிந்தது.