பிழைகள்: ஒன்று

பூச்சி தின்ற தாள்.
பாம்பாறு மடிப்பில் இரண்டாய்ப் பிரிந்து கிடக்கிறது;
பிரித்தது வெள்ளமில்லை, அலமாரி.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினொன்று, மாசி.
அளந்தவர் சர்வேயர் தேவசகாயம்.
சங்கிலி பிடித்தவர் சேவுகன், கைநாட்டு.
கண்மாய்க்கு நீல மை, கரைக்குப் பழுப்பு.
செட்டிநாடு கடலைப் பார்த்துச் சரியும் மூலையில்
கோரைக்கு மூன்று மூன்றாய்ச் சிறு கீறல்,
நடுவே ஒரு பொட்டு:
அடைக்கி ஊற்று.

தேவகோட்டை ஆபீஸில் அவர் கோட்டின் மேல்
நான் மவுஸை நடத்துகிறேன்.
புள்ளி, புள்ளி, புள்ளி.
சதுப்பின் விளிம்பு மேற்கே வளைந்து
ஒரு வரப்பைத் தொட்டு, பனைகளைச் சுற்றி
தெற்கே வந்து
நின்றுவிடுகிறது.
ஒரு விரல் அகலத்துக்கு ஒன்றுமில்லை.
மை தீர்ந்ததில்லை; அப்பால் அதே கறுப்பில்
மறுபடி தொடங்குகிறது.

'எல்லை அடைபடவில்லை' என்கிறது திரை.
பிழைகள்: ஒன்று.
அடைச்சிட்டுப் போம்மா என்கிறார் மெய்யப்பன் சார்,
திங்களுக்குள்ள நாற்பது தாள் போகணும்.
பேரே அடைக்கி. அடைக்கத்தான் முடியவில்லை.

அளவுப் புத்தகத்தைத் தேடி எடுத்தேன்.
அந்த இடத்துக்கு நேரே, பென்சிலில், தமிழில்:
"இவ்விடம் சங்கிலி கிடக்கவில்லை.
சேவுகன் இடுப்பு மட்டும் இறங்கினான், தூக்கினோம்.
நேற்று ஊன்றிய கொடி இன்று தண்ணீரில்.
கோடு போட மனம் வரவில்லை."
கடைசி வரியை மட்டும்
யாரோ சிவப்பு மையில் அடித்திருந்தார்கள்.

சனிக்கிழமை ஸ்கூட்டியில் போனேன்.
தொண்டி ரோட்டிலிருந்து கருவேலங்காட்டுக்குள்
மண் பாதை, வளைவு, 'அன்னபூரணி நகர்'.
மஞ்சள் பூசிய கற்கள் நேர் வரிசையில்;
நாற்பத்தேழும் நாற்பத்தெட்டும் மட்டும்
ஒன்றின் பக்கம் ஒன்று சாய்ந்து
ரகசியம் பேசுகிற மாதிரி.
மூணு தடவை நட்டாச்சு என்றார் வாட்ச்மேன்,
ஆனியிலயும் நிக்க மாட்டேங்குது.

செருப்பைக் கழற்றிவிட்டு அங்கே நின்றேன்.
முதலில் ஒன்றுமில்லை.
அவர் பீடி பற்றவைத்தார்.
பிறகு குதிகாலைச் சுற்றிக்
காசளவு குளிர்ச்சி, மெல்ல, வட்டமாக.
விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன்.
கடல் நாலு மைல்.
உப்பு இல்லை.

திங்கள். நாற்பது தாளும் போயாயிற்று,
முப்பத்தொன்பதில் பிழையில்லை.
நாற்பதாவதில் 'குறிப்பு' என்ற கட்டத்தில்
அந்தப் பென்சில் வரிகளை அப்படியே தட்டினேன்,
அடித்ததையும் சேர்த்து.

மெய்யப்பன் சார் கூப்பிடுகிறார்.